ஜமீனுக்கு ஓர் இணை

மனைவி பாம்பை 'அவர்' என்று சொன்ன அன்றுதான் பூட்டுக்காரருக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது.

அன்றைக்குத் தலைவலி என்று பூட்டுக் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து கூடத்தில் படுத்திருந்தார். உள்ளறையில் மனைவி தன் தம்பியுடன் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அவர் ரெண்டு நாளா சரியாவே சாப்பிடலைடா. சுருண்டு சுருண்டு படுத்துக்கறார். பாக்கவே மனசு கேக்கல."

பூட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷக் குடித்தனத்தில் தன்னைப் பற்றி அவள் இவ்வளவு உருக்கமாக யாரிடமும் பேசிக் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் உருகட்டும் என்று லேசாக முனகவும் செய்தார்.

"தோலை உரிச்சு முடிச்சாதான் சாப்பிடுவார் போல" என்றாள் மனைவி.

முனகல் நின்றுவிட்டது. 'அவர்' என்பது பன்னிரண்டு அடி மலைப்பாம்பு. வெளிநாட்டு வகை. மச்சான் குட்டியாக வாங்கி வளர்த்தது. கடல் தாண்டி வேலை கிடைத்ததும் அக்காள் வீட்டில் கூண்டோடு இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை தின்றுவிட்டு மற்ற நேரமெல்லாம் படுத்தே கிடந்ததால் அதற்கு ஜமீன் என்று பெயர். ஜமீன் வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டும், அதைப் பூட்டுக்காரர் பொறுத்துக்கொண்டார். ஆனால் 'அவர்' என்ற அந்த ஒற்றைச் சொல் தனக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்த மனிதர் அவர்.

பாம்பைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்று வெளியே சொல்ல முடியுமா? தெருவே கைகொட்டிச் சிரிக்கும். உள்ளுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருந்தவருக்கு அரசாங்கமே கைகொடுத்தது. ஆசைக்கு வாங்கிய பாம்பு பெரிதானதும் சிலர் ஏரியில் விட்டுவிட்டுப் போக, அங்கே அவை குடும்பம் குடும்பமாகப் பெருகி வாத்துகளையும் நாய்க்குட்டிகளையும் காலி செய்துகொண்டிருந்தன. அதனால் புது உத்தரவு வந்தது. வெளிநாட்டுப் பெரும் பாம்பு வைத்திருப்பவர்கள் எல்லாரும் மாத முடிவுக்குள் வனத்துறையில் எழுதிக்கொடுக்க வேண்டும். ஏரியில் விட்டால் சிறை. ஜோடி சேர்த்து வளர்க்கவே கூடாது. கூண்டுக்கு நல்ல பூட்டு கட்டாயம்.

கடைசி வரியைப் படித்ததும் பூட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று நாள் உட்கார்ந்து, தன் தொழில் வாழ்க்கையிலேயே இல்லாத ஒரு பூட்டைச் செய்து கூண்டில் மாட்டினார். சாவி அவர் இடுப்பில். இனி ஜமீனைத் தொட வேண்டுமென்றால் அவள் தன்னைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் சாவி யாரிடம் இருக்கிறதோ, வேலையும் அவருடையதுதானே. உறைந்த எலியை வெந்நீரில் போட்டு இளக்கி ஊட்டினார். பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஈரத்துணியால் முதுகைத் துடைத்துவிட்டார். தான் கடையில் இருக்கும் நேரத்தில் இருவரும் கம்பி வழியாகவே கொஞ்சிக்கொண்டால் என்ன செய்வது என்று தோன்றியதும், அவள் அச்சக வேலை முடிந்து வருவதற்கு முன்பாக மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு வந்து கூண்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாவியைத் தொலைத்தவர்கள் கடை வாசலில் காத்துக் கிடந்தார்கள்.

மனைவியின் முகம் நாளுக்கு நாள் வாடியது. பிரிவுத் துயரம், வாடட்டும் என்று பூட்டுக்காரர் உள்ளூர மகிழ்ந்தார்.

ஒருநாள் அவள் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். "நானும் இந்த வீட்டுலதாங்க இருக்கேன்."

பங்கு கேட்கிறாள் என்று அவர் புரிந்துகொண்டார். "இருக்க, யாரு இல்லைன்னா? ஆனா சாவி ஒண்ணுதான் இருக்கு" என்றார், மாதம் இருநூறு மாற்றுச்சாவி போட்டுத் தருகிறவர்.

மறுநாள் காலை மேசையில் வனத்துறைக்கு எழுதிய உறை இருந்தது. வளர்க்க அனுமதி கேட்கிறாள், வேறென்ன! மனைவி குளியலறையில் இருந்தாள். உறையின் வாயிலிருந்து தாளின் அடிப்பகுதி மட்டும் எட்டிப் பார்த்தது. அவள் கையெழுத்து, அதற்குமேல் ஒரு கேள்வி. 'இணை: உண்டு / இல்லை.' அவள் 'இல்லை' என்பதில் டிக் போட்டிருந்தாள்.

அவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஒரு காற்புள்ளி இடம் மாறினால் தூக்கம் வராது. அவள் 'இல்லை' என்று எழுதினால் அது கைத்தவறு இல்லை. தாலி கட்டிய புருஷன் குத்துக்கல்லாக வீட்டில் இருக்க, அரசாங்கத்திடம் தனக்குத் துணையே இல்லை என்று எழுதிக்கொடுக்கிறாள், ஒரு பாம்புக்காக.

மேலே என்ன இருக்கிறது என்று தாளை உருவிப் பார்த்திருக்கலாம். ஆனால் மடிப்பு கலைந்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் வெளியே தெரிந்த மட்டும் போதும் என்று, 'இல்லை' மேலிருந்த டிக்கை வெள்ளை மையால் மறைத்துவிட்டு 'உண்டு' என்பதில் அழுத்தமாக ஒன்று போட்டார். இணை உண்டென்றால் இணையின் சம்மதத்தையும் கேட்பார்கள். அப்போது முடியாது என்று சொல்லிவிடலாம். கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவரே மெச்சிக்கொண்டார்.

நான்காம் நாள் மத்தியானம் வாசலில் ஜீப் வந்து நின்றது. வன அதிகாரியம்மாள் இறங்கினாள். பின்னால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓட்டுநர். அதிகாரி கூண்டை ஒரு பார்வை பார்த்தாள்.

"இணை எங்க?"

சம்மதம் கேட்க ஆளே அனுப்பிவிட்டார்கள் என்று பூட்டுக்காரருக்குப் பெருமை. தன்னிடம் கேட்கும் 'இணை' தன் மனைவிதான் என்று எடுத்துக்கொண்டார். "அச்சகத்துக்குப் போயிருக்காங்க மேடம்" என்றார்.

"வெளியில விடுறீங்களா?"

"தினமும் பஸ்ஸுலதான் போவா."

ஓட்டுநர் மெல்ல ஜீப் பக்கம் நகர்ந்தார். அதிகாரி குறித்துக்கொண்டாள். "பொம்பளை. சரி, நீளம்?"

"நீளமா? அஞ்சேகால் அடி இருப்பா."

"இதுவரைக்கும் எத்தனை முட்டை?"

அப்போதுதான் பூட்டுக்காரருக்கு விளங்கியது. கேள்வி மனிதரைப் பற்றியதல்ல, பாம்பைப் பற்றியது. உண்மையைச் சொன்னால் அரசாங்கப் படிவத்தைத் திருத்திய குற்றம். அதைவிட, மனைவிக்குத் தெரிந்துவிடும். நான் சொன்னது என் சம்சாரத்தை, நீங்கள் கேட்கும் பாம்பு செத்துப்போய்விட்டது, கொல்லையில் புதைத்துவிட்டேன் என்று ஒரே மூச்சில் அளந்தார்.

எங்கே என்றாள் அதிகாரி. அவர் பொதுவாகக் கையைக் காட்டினார். ஓட்டுநர் மூன்று இடத்தில் தோண்டினார். ஒரு பழைய செருப்பும் உடைந்த தாழ்ப்பாளும்தான் கிடைத்தன. அப்படியென்றால் ஏரியில்தான் விட்டிருக்கிறீர்கள் என்று அதிகாரி முடிவுக்கு வந்து போனில் உத்தரவு போட்டாள். கால் மணியில் ஏரிக்கரையைக் கயிறு கட்டி மறித்தார்கள். வாத்து வளர்ப்பவர் வாசலில் வந்து நின்று பூட்டுக்காரரின் பரம்பரையையே ஏசினார். எதிர்வீட்டுக்காரர் குழந்தைகளை மாடிக்கு ஏற்றிக் கதவைச் சாத்தினார். அந்தக் கதவுக்குப் பூட்டுப் போட்டதும் நம்மவர்தான்.

ஐந்து மணிக்கு மனைவி வந்தாள். கொல்லையில் மூன்று குழிகள், கூடத்தில் அதிகாரி, நடுவில் வியர்த்து நின்ற கணவன். அதிகாரி படிவத்தை நீட்டினாள். மனைவி அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"நான் 'இல்லை'ன்னுதான் போட்டேன். இந்த டிக் என்னோடது இல்ல" என்றாள். பிறகு திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்கு முன்னால் எந்தப் பொய்யும் நிற்காது. "இணைன்னா புருஷன்னு நினைச்சேன். நான் உயிரோடதானே இருக்கேன்? ஒரு பாம்புக்காக என்னை இல்லைன்னு எழுதினா எப்படித் தாங்குவேன்?" என்றார் பூட்டுக்காரர்.

மனைவி படிவத்தை அதிகாரியிடமே கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஜோடி என்று பதிவாகிவிட்டது. ஏரியில் தேடி முடித்து, இல்லை என்று மேலிடம் சான்று தர ஒரு வருஷமாகும். அதுவரை பாம்பை இந்த வீட்டைவிட்டு நகர்த்தக் கூடாது. தவறாகத் திருத்தியவரே அதற்குப் பொறுப்பு, தினமும் பக்கத்தில் இருந்து கவனித்துக் குறிப்பேடு எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

பூட்டுக்காரர் ஃபைலை எடுத்துக்கொண்டிருந்த ஓட்டுநரின் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் ஒரு வருஷம் இதுகிட்ட என் பெண்டாட்டியைப் பறிகொடுத்துட்டு நிக்கணுமா? நீங்களாவது சொல்லுங்கய்யா, அவ ஆசையா வளர்க்க அனுமதி கேட்டா நான் என்னதான் செய்யறது?"

ஓட்டுநர் கைமண்ணைத் தட்டிவிட்டு ஃபைலைத் திறந்து படிவத்தின் மேல்பாதியைக் காட்டினார். "அனுமதியா? இது பாம்பை எங்ககிட்ட ஒப்படைக்கிற மனு சார், காரணம்னு கேட்ட இடத்துல அம்மா எழுதியிருக்காங்க பாருங்க: 'என் கணவர் என்னை விட்டுவிட்டு இதனோடு குடித்தனம் நடத்துகிறார்.'"