படுதா மாமுவின் மனு

எண்ணூர் விரைவுச் சாலையில் ஓடும் டிரெய்லர்களையெல்லாம் நிறுத்தி ஓட்டுநர்களை இறக்கிப் பார்த்தாலும், தம் கோரிக்கைக்குத் தாமே எதிர்வாதம் செய்யும் இன்னொரு மனிதரைக் காண இயலாது. அப்படிப்பட்டவர் படுதா மாமு ஒருவர்தாம். திருவொற்றியூரில் நான் எழுத்தராக இருக்கும் லாரி அலுவலகத்தில், அவருடைய இயற்பெயர் யாருக்கும் நினைவில்லை.

திறந்த டிரெய்லரில் இரும்புச் சுருள்கள் ஏறியபின், மேலே ஏறிப் படுதா விரித்துக் கயிறு கட்டுவது ஓட்டுநரின் பொறுப்பு. சென்ற மழைக்காலத்தில் மாமு வழுக்கி விழுந்தார், முழங்கால் பழுதாயிற்று.

"ஏற முடியலன்னா கேட்டுல வாட்ச்மேனா உக்காரு" என்றார் முதலாளி.

மாமுவுக்கோ வண்டியை விட்டால் வாழ்வே இல்லை. மறுநாளே என் மேசைக்கு வந்து நின்றார்.

"சாமி, ஒரு மனு எழுது. தரையில நின்னுகினே இழுத்து மூடுறா மாதிரி கூரை வெச்ச டிரெய்லரு வந்துகீது. நமக்கு ஒண்ணு வாங்கணும்."

நன்மைகளை அடுக்கினார். பழுதான முழங்காலோடு மேலே ஏற வேண்டாம், ஒரு மணி நேர வேலை ஐந்து நிமிடத்தில் முடியும், சரக்கு நனையாது, துறைமுக வாசலில் சோதனைக்குச் சட்டென்று திறந்து காட்டலாம். எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டினேன்.

"இரு சாமி. கொறைய எழுதலியே?"

"குறையெல்லாம் எழுதினா முதலாளி வாங்குவாரா, மாமு?"

"நீ டெய்லி கோயிலுக்குப் போறியே, அங்க சாமிகிட்ட பாதிய மறைச்சா பேசுற?"

அடியார்கள் இறைவனையே ஏசிப் பாடியிருக்கும்போது டிரெய்லர் எம்மாத்திரம்? எழுதினேன். கூரையின் கனத்தால் சரக்கைக் குறைக்க வேண்டும், உயரமான இயந்திரம் உள்ளே அடங்காது, கிரேன் இடித்துக் கூரை ஓடும் கம்பி வளைந்தால் அது நகராது, எதிர்காற்றில் டீசல் அதிகம் செலவாகும், விலையோ பேஜாரு. அந்தக் கடைசிச் சொல்லை மாற்ற அவர் இசையவே இல்லை.

நன்மை நான்கு, குறை ஐந்து. முதலாளி இருமுறை படித்தார். "இவன் வாங்கச் சொல்றானா, வேணாங்கறானா?" என்று என்னைக் கேட்டார். ஆயினும் சோதனைக்காக ஒருநாள் அந்த வண்டியை வரவழைத்தார்.

மணலி யார்டில் சுருள்கள் ஏறின. மாமு தரையில் நின்றபடியே கூரையை இழுத்து மூடினார். முதலாளியின் முகம் மலர்ந்தது. அந்த நேரம் பார்த்து நான்கு தூறல் விழுந்தது.

முப்பது ஆண்டுப் பழக்கம் மூளையிடம் அனுமதி கேட்பதில்லை. "மழ வந்துகினு கீது!" என்று அலறிய மாமு, யார்டில் கிடந்த பழைய படுதா ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏற்கெனவே மூடிய வண்டியின் முன்பலகைப் படிகளில் விறுவிறுவென்று ஏறி உச்சியில் அமர்ந்துவிட்டார்.

"இன்னா சாமி, முட்டி போச்சுன்னு எழுதின? கொரங்காட்டம் ஏறிட்டான்! வண்டிய திருப்பி அனுப்பு" என்றார் முதலாளி.

நான் இடிந்துபோனேன். மேலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"மொதலாளி, ஏறிட்டேன். எறங்க முடியல. முட்டி மடங்கமாட்டேங்குது."

மடங்காத காலுக்கு ஏணி பயன்படவில்லை. கிரேன்காரர் சரக்கு தூக்கும் பட்டையை இறக்கினார். மாமு அதை உடலில் சுற்றிக் கட்டிக்கொண்டு அந்தரத்தில் ஆடினார். வலியில் வெளுத்திருந்த அந்த முகத்தைக் கண்டதும் முதலாளியின் குரல் மாறிவிட்டது.

"யோவ், பத்திரமா எறங்குயா மொதல்ல! வண்டிய வாங்கித் தொலைக்கிறேன்!"

"மொதலாளி, இன்னொரு கொறை எழுத மறந்துட்டோம்..."

"வாய மூடுயா!"

யார்டே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பாதம் தரையைத் தொடும்வரை ஐந்தெழுத்தைத் தவிர வேறெதுவும் என் நாவில் எழவில்லை.