தீயணைப்புத் தொட்டியில் விட்ட சாமந்தி

பயந்த சுபாவம் உள்ளவர்களிடம் பொறுப்பைக் கொடுத்தால் எல்லாம் பத்திரமாக இருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். நாங்கள் எல்லாவற்றுக்கும் பயப்படுவோம். எதற்குப் பயப்பட வேண்டுமோ அதை மட்டும் விட்டுவிடுவோம்.

கள்ளக்குறிச்சியில் ஒரு நான்கு மாடி ஜவுளிக்கடையில் நிர்வாக அலுவலராகச் சேர்ந்தபோது என் மகளுக்கு இரண்டு வயது. கேஸை மூடினேனா என்று பார்க்கப் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிற ஆள் நான். (பூட்டை இழுத்துப் பார்க்க இன்னொரு ஓட்டம் தனி.) இதைக் கேள்விப்பட்ட முதலாளி மகிழ்ந்துபோய், கடையின் தீயணைப்புப் பம்பையும் என் தலையில் கட்டினார்.

கடைக்குப் பின்னால் தரைக்கடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து ஒரு டீசல் பம்பு நீரை உறிஞ்சி எல்லா மாடிக்கும் தள்ளும். வாராவாரம் வெளிக்குழாயின் வால்வை மூடி வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்ப்போம். அழுத்தம் காட்டும் முள் ஜம்மென்று ஏறும். "சும்மா நட்டுக்கினு நிக்குது பாருங்க மேடம்" என்பார் பம்பு ஓட்டும் ஏழுமலை அண்ணன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரும்.

ஆண்டுப் பரிசோதனை இப்படிச் சுலபமாக முடியாது. வெளியிலிருந்து பொறியாளர் வருவார். தண்ணீரே விடாமல் ஒரு முறை, பம்பு தரவேண்டிய முழு அளவு நீரை விட்டு ஒரு முறை, அதில் ஒன்றரை மடங்கு விட்டு ஒரு முறை ஓட்டுவார். மூன்றிலும் அழுத்தம் தாங்கினால்தான் சான்று. அந்த ஆண்டு அது தீபாவளிக்கு முந்தைய வாரம் வந்தது. சான்று கைக்கு வராமல் மேல்மாடிகளைத் திறப்பதில்லை என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பட்டுப்புடவை, குழந்தைகள் துணி எல்லாம் மேல்மாடியில்தான். கடையின் தீபாவளியும் என் வேலையும் அந்த முள்ளில் தொங்கின.

பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல் பம்பைக் குளிப்பாட்டித் துடைத்து வைத்தேன். தண்ணீர் விடாத முதல் ஓட்டம் பிரமாதம். நான் ஏழுமலை அண்ணனைப் பெருமையோடு பார்த்தேன். பிறகு கொல்லைப்பக்கம் குழாய்களைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் சீறிப் பாய்ந்தது, இருமியது, பிறகு பாட்டிலைக் கவிழ்த்ததுபோல் ஒழுகியது. பம்புக்குள் கூழாங்கல்லை உருட்டுவது போல ஒரு சத்தம். முள் படுத்துவிட்டது.

"இன்னா மேடம், வாந்தி எடுக்கற மாதிரி கத்துது?" என்றார் ஏழுமலை அண்ணன்.

பொறியாளர் பம்பை நிறுத்தி, தொட்டியின் மூடியைத் திறந்து, உறிஞ்சு குழாயின் வாயிலிருந்த சல்லடையை மேலே எடுக்கச் சொன்னார். வந்தது சல்லடையா, கொழகொழவென்று ஒரு பந்தா என்று தெரியவில்லை. அழுகிய சாமந்தி. தலைமுடி போலச் சுற்றிக்கொண்ட வாழைநார். நடுவில் எங்கள் கடையின் ஜரிகை நாடா, மங்காமல் மின்னியது.

"பம்புக்கு யாருங்க மாலை போட்டது?" என்றார் அவர்.

வகுப்பில் சிக்கிய பிள்ளைபோலக் கையைத் தூக்கினேன்.

ஆயுதபூஜைக்கு பில் போடும் கம்ப்யூட்டர் முதல் லிஃப்ட் வரை எல்லாவற்றுக்கும் நான்தான் மாலை போட்டேன். மறுநாள் அந்த மாலைகள் குப்பை வண்டிக்குப் போவதைப் பார்த்ததும் பதறிவிட்டேன். சாமிக்குப் போட்ட பூ கால் படும் இடத்தில் விழலாமா? நீரில்தானே விட வேண்டும்? ஆற்றுக்குப் போய் வர நேரமில்லை. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். பூவைக் குப்பையில் போட்ட பாவம் காய்ச்சலைக் கூட்டிவிட்டால்? எதிரில் தொட்டி இருந்தது. மாலை மூட்டையை அதில் அவிழ்த்துக் கொட்டிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். (காய்ச்சல் இறங்கியது. அதற்குக் காரணம் மருந்துதான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.) வால்வை மூடி ஓட்டியதில் நீர் ஓடவே இல்லை, அதனால் வாராவாரம் அடைப்பும் தெரியவில்லை.

முதலாளி வந்தார். பூப்பந்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நெருப்பு வந்தா தண்ணி ஊத்தணும்மா. நாம இன்னா அர்ச்சனையா பண்ணப் போறோம்?"

ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரியை மனத்துக்குள் எழுதத் தொடங்கினேன். அப்போது ஏழுமலை அண்ணன் முன்னால் வந்தார். "மூடிய தெறந்து குடுத்தது நான்தாங்க. பாதி எம்மேல எழுதிக்குங்க." அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

முதலாளி மாடியை நிமிர்ந்து பார்த்தார். "மாடி நெறைய ஜனம் நிக்கறப்போ இது தெரிஞ்சிருந்தா?" என்றார். பிறகு, "சரி, இன்னிக்கே தெரிஞ்சிபோச்சி. தொட்டிய கழுவுங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

புடவைப் பிரிவுப் பெண்கள் வாளியோடு வந்தார்கள். "மேடம், அந்த எலுமிச்சம்பழம் நம்ம லிஃப்ட்டோடதா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள், ஆனால் ஒருத்திகூட வேலையை விட்டுப் போகவில்லை. பம்புக்குள் சிக்கி அரைபட்ட நாரையெல்லாம் பிடுங்கி, தொட்டியை நிரப்பி, மறுநாள் மீண்டும் ஓட்டினோம். ஒன்றரை மடங்கிலும் முள் கொஞ்சம் இறங்கி, இறங்கலாம் என்ற எல்லைக்கு மேலேயே நின்றது. பொறியாளர் சான்றில் கையெழுத்துப் போட்டார். நான் ஜெனரேட்டருக்குப் பின்னால் போய் அழுதேன்.

அந்தத் தீபாவளிக்கு வடக்கனந்தலிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் வந்த கூட்டத்தில், என் கணவர் தோளில் உட்கார்ந்து மகளும் மூன்றாம் மாடிக்கு வந்தாள். பாவாடை பார்த்துக் கைதட்டினாள். நான் சுவரோரம் ஓடிய சிவப்புக் குழாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மாலை மட்டும் போடவில்லை.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பூஜை முடிந்தால் மாமியார் பழைய பூவை ஏந்திக்கொண்டு வந்து நிற்பார். "ஏம்மா, இத்த செடிக்குப் போடட்டா, இல்ல ஒங்க கட தொட்டிக்கு அனுப்பட்டா?" போன மாதம் கல்வராயன் மலை அருவிக்குப் போனோம். "ஒன்றரை மடங்கு வருதா, நல்லா பாரு" என்றார் கணவர். அப்போது என் தலையிலிருந்து ஒரு மல்லிகை உதிர்ந்து தண்ணீரில் போனது.

"ஐயோ, அருவி அடைச்சிக்கும்!" என்று கத்தினாள் மகள்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. முழங்கால் நீரில் இறங்கி அந்தப் பூவைத் துரத்திக்கொண்டிருந்தேன்.