மாட்டோடு வளர்ந்தவர்

பதினொரு மாடுகள் இராசலிங்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றன. அவர் ஒன்றையும் பார்க்காதவர்போல நின்றார். காலடியில் குட்டைக்கால் நாய் ஜிம்மி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்து விளிம்பில் இருந்த அந்தப் பொது மேய்ச்சல் வெளியில் யாரும் நடக்கலாம். நாயோடு வருபவர்களுக்கு மட்டும் வாசலில் ஓர் எச்சரிக்கைப் பலகை. கன்றோடு நிற்கும் மாட்டுக்கு நாயைக் கண்டால் ஆகாது என்று அதில் படத்தோடு போட்டிருந்தது. இராசலிங்கம் அதைப் படிக்கவில்லை. மாட்டைப் பற்றி ஜெர்மன்காரர் அவருக்கு எழுதிக் காட்டுவதா?

கைத்தொலைபேசி அடித்தது. மகள் யதுசா. லைப்சிக்கில் வேலை கிடைத்து, வீடும் பார்த்துவிட்டாள். ஜிம்மியையும் கூட்டிப்போவதாக அவள் சொன்னபோது, ஆறு வருடத்துக்கு முன் நாயே வேண்டாம் என்று குதித்த இராசலிங்கம் ஜிம்மியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "நான் இல்லாமல் நீங்கள் பார்ப்பியளெண்டால் விட்டிட்டுப் போறன். இந்தக் கிழமை பார்ப்பம்" என்றிருந்தாள். இன்று ஞாயிறு, அந்தச் சோதனை வாரத்தின் கடைசி நாள்.

"அப்பா, எங்க நிக்கிறியள்?"

"வெளியில. மாடெல்லாம் கிட்ட வந்து மரியாதையா நிக்குதுகள்."

"மாடோ? ஜிம்மியின்ர கயித்தைக் கட்டையாப் பிடிச்சுக்கொண்டு, ஓடாமல் திரும்பி வாங்கோ."

"எனக்கு வகுப்பு எடுக்காத, பிள்ளை. நான் மாட்டோட வளந்தனான்."

அவர் வளர்ந்தது யாழ்ப்பாண நகரத்தின் நடுவில். வீட்டுக்கு வந்தது பால் மட்டும்தான்.

"ஹேய், அங்கால போ" என்று அதிகாரமாகக் கையை ஓங்கினார். மாடுகள் இங்கால வந்தன.

நாயின் வாடைதான் காரணம் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஜிம்மியைத் தூக்கித் தோளில் தொங்கிய மஞ்சள் பைக்குள் இறக்கினார். கோயில் பெயர் அச்சிட்ட பெரிய பை. மனைவி வேதவல்லி வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்த கையோடு, சீனி வருத்தத்துக்கு நல்லதென்று ஜிம்மியோடு நடக்கப் போகையில் கொண்டுபோவது. நாய்க்குத் தண்ணீர் வைக்க வசதி என்று இன்று இவர் எடுத்து வந்திருந்தார்.

இப்போது மாடுகள் ஓடி வந்தன.

இராசலிங்கம் நடப்பவர்கள் உட்கார்ந்து ஆறப் போட்டிருந்த வாங்கில் ஏறி, பையைத் தலைக்கு மேலே தூக்கினார். பதினொரு வாய்களும் மேலே நிமிர்ந்தன.

"அப்பா, என்ன சத்தம்?"

"ஒண்டுமில்லை. வாங்கில ஏறி நிக்கிறன்."

"ஏன்?"

"காத்து நல்லாயிருக்கு."

"பகிடி விடாதேங்கோ. ஜிம்மியை விட்டிடுங்கோ, அவன் ஓடித் தப்பிடுவான். மாடு பிறகு உங்களை ஒண்டும் செய்யாது."

மனம் வரவில்லை. ஆனாலும் ஜிம்மியை மெல்ல இறக்கிவிட்டார். அது மாடுகளின் கால்களுக்கிடையே நிதானமாக நடந்து, வாசலில் போய் உட்கார்ந்தது. ஒரு மாடுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பதினொன்றும் அவரைத்தான் பார்த்தன. வெறும் பையை வீசி விரட்டினார். பெரிய சிவப்பு மாடு அதன் நுனியைக் கவ்வி இழுத்தது.

"பிள்ளை" என்றார். "நான் மாட்டோட வளரேல்ல."

"தெரியும் அப்பா. பேசாமல் நிண்டுகொள்ளுங்கோ. நாளைக்கு வந்து ஜிம்மியைக் கூட்டிக்கொண்டு போறன்."

இராசலிங்கத்துக்குக் கண் கலங்கியது. மாட்டுக்குப் பயந்து அல்ல.

அப்போது மாடுகளின் சொந்தக்காரி, ரப்பர் சப்பாத்தோடு, ஜிம்மியைக் கையில் ஏந்தியபடி வந்தாள். அவள் ஒரு வாளியைத் தட்டியதும் மாடுகள் விலகின. இராசலிங்கம் இறங்கி, நாயின் வாடைக்குத்தான் மாடுகள் இப்படி வந்தன, மகள் இனி இவனை லைப்சிக்குக்குக் கொண்டுபோகப் போகிறாள் என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு ஜிம்மிக்குக் கைநீட்டினார்.

அவள் ஜிம்மியை அவர் கையில் கொடுத்தாள். மாட்டின் வாயிலிருந்து மீட்ட மஞ்சள் பையை விரித்துப் பார்த்தாள்.

"நாய் இங்கேயே இருக்கட்டும், ஒவ்வொரு வெள்ளியும் இவனோடு வந்து என் மாடுகளுக்கு வாழைப்பழம் ஊட்டுகிற அம்மாவின் இந்தப் பையை மட்டும் லைப்சிக்குக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்."