மாத்திரை அனுப்ப முடியாது, மாப்பிள்ளை

மல்லசமுத்திரம்,
வைகாசி, 1984.

அன்புள்ள மாப்பிள்ளை அருணகிரிக்கு,

இங்கு நானும் உங்கள் அக்கா சௌந்திரமும் இரண்டு பசுமாடுகளும், கிணற்றில் தண்ணீர் இருக்கும் அளவுக்கு நலம். அங்கு ராய்ப்பூரில் நீங்களும் தங்கச்சி வசந்தாமணியும் உங்கள் போர்வெல் ரிக் வண்டியும் நலமாக இருந்து, துளை போட்ட இடமெல்லாம் தண்ணீர் பீய்ச்சியடிக்கத் திருச்செங்கோட்டுச் சாமியை வேண்டிக்கொள்கிறேன். பாதி உடம்பு அம்மனாக இருக்கிற அந்தச் சாமிக்குத்தான் இந்தக் கடிதத்தின் விஷயமும் புரியும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு நாற்பத்தாறு வயதாகிறது, ராத்திரி தூக்கமில்லை, வேர்த்துக் கொட்டுகிறது, கேட்டால் சட்டியை எறிகிறாள், ஆகவே அக்கா சாப்பிடும் மாத்திரையில் ஓர் அட்டையைக் கவரில் போட்டு அனுப்பவும் என்று எழுதியிருந்தீர்கள். அனுப்ப முடியாது, மாப்பிள்ளை. கோபித்துக்கொள்ள வேண்டாம். முதலில் உட்காருங்கள், பிறகு மேலே படியுங்கள்.

உங்கள் அக்காவுக்கு மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஆரம்பித்தது இந்த அனல். உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சிலிருந்து குபீரென்று கிளம்பி உச்சந்தலை வரை ஏறும். போன தை மாதம் ஓமலூரில் ஒரு கல்யாணம், நாங்கள் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தோம், ரசம் ஊற்றிக்கொண்டு வந்தார்கள், இவள் இலைக்கு வந்ததும் இவள் முகம் செக்கச்செவேலென்று ஆனது, பக்கத்தில் இருந்த செம்பை எடுத்தாள், குடிக்கப்போகிறாள் என்று நான் நினைத்தேன், மடமடவென்று தலையில் ஊற்றிக்கொண்டாள். பெண்ணுக்கு அப்பா ரசத்தில்தான் ஏதோ குற்றம் என்று ஓடிவந்து, "அம்மிணி, மன்னிச்சுப்போடுங்க, வேற ரசம் வெக்கச் சொல்றேனுங்க" என்று கும்பிட்டார். புது ரசமும் வந்தது, நன்றாகவே இருந்தது. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது, "எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுங்களா?" என்று கேட்டு அழுதாள். அன்றைக்கே முடிவு செய்தேன், சேலம் லேடி டாக்டரிடம் காட்டிவிடுவதென்று.

அந்த டாக்டரம்மா கேள்வி கேட்பதில் போலீஸ்காரரைத் தோற்கடிப்பார். கேள்வி உங்கள் அக்காவுக்கு, பதில் நான். "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" என்றார். "பீடி மட்டுமுங்க" என்றேன். அவர் உங்கள் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "நானுங்க, நானுங்க" என்று திருத்தினேன். "கர்ப்பப்பை எடுத்திருக்கா?" என்றார். "எனக்குத் தெரிஞ்சு யாரும் எடுக்கலீங்க" என்றேன். அதற்குமேல் என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். உள்ளே மார்பில் கட்டி உண்டா, காலில் எப்போதாவது ரத்தம் உறைந்ததுண்டா, காமாலை வந்ததுண்டா என்றெல்லாம் விசாரித்து, ரத்த அழுத்தம் பார்த்து, உடம்பு முழுக்கச் சோதித்து, பிறகுதான் மாத்திரை எழுதினார். உடம்பில் வற்றிப்போன பெண் ஹார்மோனை ஈடு செய்ய ஒன்று, அது தினமும். இன்னொன்று மாதத்தில் சில நாள் கூடச் சேர்த்து. "குறைஞ்ச அளவுதான் குடுத்திருக்கேன். நீங்களா கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கால் வீங்கினாலோ, நெஞ்சு வலிச்சாலோ, சொன்ன நாள்ல இல்லாம ரத்தம் பட்டாலோ உடனே வரணும். எத்தனை காலம் சாப்பிடறதுங்கறத அப்பப்ப பாத்து நான் சொல்லுவேன்" என்றார். நானும் எல்லாம் புரிந்தவன்போலத் தலையாட்டினேன்.

மாப்பிள்ளை, மாசி பிறப்பதற்குள் அனல் அடங்கிவிட்டது. தூங்கினாள், சிரித்தாள், என் மொபெட்டை எடுத்து ஓட்டப் பழகி வைக்கோல் போருக்குள் நேராகப் போய் மறைந்தாள், வெளியே வந்ததும் மறுபடி கிளப்பினாள். ஊர்ப் பெண்களுக்கு அது பொறுக்குமா? மாத்திரை முழுங்கினால் வயசு திரும்புதாம் என்று பேச்சுக் கிளம்பி, வாசலில் தினமும் கூட்டம். பக்கத்துத் தோட்டத்து அத்தாயி மட்டும் தனக்கு வேண்டாம் என்றாள். "எங்க எருமை ரெண்டு வருஷமா சினை புடிக்கலீங்க, அதுக்கு ஒண்ணு குடுங்க" என்றாள். அவளை அனுப்பிவைத்து முடிப்பதற்குள் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து என் அக்கா பொன்னாத்தாள் வந்து இறங்கினாள். நாத்தனார் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள் என்று உங்கள் அக்கா அரை அட்டையைக் கிழித்துக் கொடுத்துவிட்டாள். பாசம்தான், வேறென்ன. ஆனால் கடைசிப் பிரசவத்தில் பொன்னாத்தாள் காலில் ரத்தம் உறைந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தாளே, அது எங்கள் மூன்று பேருக்குமே நினைவுக்கு வரவில்லை. தினம் ஒன்றுக்கே சௌந்திரம் மொபெட் ஓட்டுகிறாள் என்றால் மூன்றாகச் சாப்பிட்டால் லாரியே ஓட்டலாம் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டாள்.

ஒரு வாரம் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். ஒருநாள் காலை எழுந்தவளுக்கு இடது கால் வாழைமரம்போல வீங்கியிருந்தது, கெண்டைக்காலைத் தொட்டால் அலறினாள். டாக்டரம்மா சொன்ன வார்த்தை அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. மரவள்ளிக் கிழங்கு ஏற்ற வந்த லாரியில் அவளைப் படுக்கவைத்து, டிரைவர் வீரனிடம், "மெதுவாப் போ, ஆனா சீக்கிரம் போ" என்று சொல்லிச் சேலத்துக்குக் கிளம்பினோம். உங்கள் அக்கா நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நங்கையா, நாந்தானுங்க கொன்னுபோட்டேன்" என்று வழியெல்லாம் அழுகை. பொன்னாத்தாளோ என் சட்டையைப் பிடித்திழுத்து, "தம்பி, ஒருவேளை போயிட்டன்னா, மூஞ்சி கொஞ்சமாவது எளசா இருக்குதான்னு பாத்துச் சொல்லு" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

நல்லவேளை, உறைந்த ரத்தம் காலோடு நின்றது. ஊசி போட்டு, படுக்கவைத்து, காப்பாற்றிவிட்டார்கள். "நுரையீரலுக்கு ஏறியிருந்தா ஆளே இருக்க மாட்டாங்க. ஒருத்தருக்கு எழுதினது ஒருத்தருக்குத்தான்! இவங்க கால் கதை தெரிஞ்சிருந்தா இந்த மாத்திரையை நான் தொடக்கூட விட்டிருக்க மாட்டேன்" என்று டாக்டரம்மா எங்களை வறுத்தெடுத்துவிட்டு, சூட்டோடு சூடாக உங்கள் அக்காவைப் பார்த்து, "நீங்களாவது ரெண்டையும் ஒழுங்காச் சாப்பிடறீங்களா?" என்றார். இவள் தரையைப் பார்த்தாள். "ரெண்டாவத நிறுத்திட்டேனுங்க. அதச் சாப்பிட்டா மறுபடி தூரம் வருதுங்க. நின்னுபோச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். மாரியம்மன் பண்டிகைக்கு நாந்தானுங்க பொங்கல் வெக்கணும்!"

டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். முதல் மாத்திரை கர்ப்பப்பையின் உள்தோலை வளர்த்துக்கொண்டே போகுமாம், இரண்டாவதுதான் அதைக் கட்டுக்குள் வைக்குமாம், அதை விட்டால் புற்றுநோய்க்கே வழி திறந்துவிட்ட மாதிரியாம். உள்தோலில் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை, மாப்பிள்ளை. அவள் பரிமாறுவாள், நான் அவள் முகத்தையே பார்ப்பேன், "சாப்பிடுங்க, நான் எங்கயும் போக மாட்டேன்" என்பாள். ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மா சொன்ன அன்று பஸ் ஸ்டாண்டிலேயே இரண்டு பேரும் மூக்கு முட்டப் பரோட்டா தின்றோம். இப்போது இரண்டு மாத்திரையும் ஒழுங்காக நடக்கிறது. பொன்னாத்தாளும் எழுந்து நடமாடுகிறாள்.

ஆகவே கவரில் மாத்திரை வராது. தங்கச்சியை நல்ல டாக்டரிடம் காட்டுங்கள், அங்கே பாஷை தெரியாவிட்டால் இங்கே அழைத்து வாருங்கள். கேட்கிற கேள்விக்கெல்லாம் அவளே பதில் சொல்லட்டும், நீங்கள் பெஞ்சில் உட்காருங்கள். ரிக் வண்டிக்கும் உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் நீடூழி இருக்க எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் வீட்டுக்காரன்,
சென்னியப்பன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடியபோது வாசலில் தங்கச்சி வசந்தாமணி டிரங்குப் பெட்டியோடு நிற்கிறாள்! உங்கள் பதிலுக்குக் காத்திராமல், ஊருக்குக் கிளம்பிய ஒரு குடும்பத்தோடு ரயிலேறிவிட்டாளாம். மறுநாளே உங்கள் அக்கா சேலத்துக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா எல்லாம் சோதித்து, மாதவிலக்கு மாதம் தவறாமல் வருகிறது, இந்த வேர்வைக்கும் விலக்கு நிற்பதற்கும் சம்பந்தமே இல்லை, எந்த மாத்திரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தங்கச்சி என்னிடம், "எனக்கு நோவு ஒண்ணுமில்லீங்கண்ணா. தகரக் கூரை, ராய்ப்பூர் வெயில், தலமாட்டுல ரிக் வண்டி கம்ப்ரஸர் ராவும் பகலும் கத்துது. அவரு வேலையில நின்னுக்கறாரு, நான் உள்ளார வேகறேன். உங்க மாப்பிள்ளைய ஒரு வாரம் அங்க படுக்க வெச்சுப் பாருங்க, அவரும் சட்டி எறிவாரு" என்றாள். ஆக, மேலே எழுதியது எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. டாக்டரம்மா எழுதிய சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். நோயாளி பெயர் என்று உங்கள் பெயர் இருக்கிறது. மருந்து என்ற இடத்தில், "கம்ப்ரஸருக்குத் தொலைவில் ஓர் ஓட்டு வீடு."