குரல் போன புதன்கிழமை

ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்ப்பவர்களுக்கு உடம்புக்கு வருவதில்கூட முறை உண்டு. ஒருவர் படுத்தால் இன்னொருவர் திடமாக நின்றாக வேண்டும். ஜீயபுரம் பக்கம் நான் வேலை பார்த்த அரசுத் தொடக்கப் பள்ளியில் எப்போதும் படுப்பது நான், நிற்பது தலைமையாசிரியை ரெஜினா டீச்சர். ஊரில் சுற்றும் கிருமிகளுக்கு ஸ்ரீரங்கத்தில் என் வீடு மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது.

ரெஜினா டீச்சரின் மகளைப் பெண் பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து வருவதாக இருந்தது. மாப்பிள்ளை நகைக்கடை மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓய்வே கிடையாது, புதன்தான். முதல் முறை எனக்குக் காய்ச்சல் வந்து லீவு போட்டேன். பள்ளியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் டீச்சர் நாளைத் தள்ளிப்போட்டார். இரண்டாம் முறை என் பையனுக்கு அம்மை. மறுபடியும் தள்ளிப்போட்டார். "இன்னும் ஒரே ஒரு தடவைதான். அதுக்கு மேல எங்களால அலைய முடியாதுங்க" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

மூன்றாவது புதனுக்கு முந்தின நாள், கோகோ போட்டியில் எங்கள் பிள்ளைகளுக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன். (தோற்றோம்.) புதன் காலையில் எழுந்து "காபி" என்றேன். காற்றுதான் வந்தது.

"மெடிக்கல் லீவு போட்டுடு. குரலே இல்லாம எப்படிப் பாடம் நடத்துவ?" என்றார் என் கணவர்.

அந்தப் பெண்ணின் கல்யாணம் என் தொண்டையால் நின்றது என்று ஊர் சொல்வதை நினைத்துப் பார்த்தேன். வெந்நீர் பாட்டிலோடு பஸ் ஏறிவிட்டேன். என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

பெருமை பத்து மணி வரை தாங்கியது. எல்லா வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கரும்பலகையில் "அமைதி" என்று எழுதினேன். ஒன்றாம் வகுப்புக்குப் படிக்கத் தெரியாது. ஐந்தாம் வகுப்பு படித்துவிட்டுச் சிரித்தது. கை தட்டினேன். அவர்களும் சந்தோஷமாகத் தட்டினார்கள். வேறு வழியில்லாமல் சமையல்கூடத்துக்கு ஓடி, சரோஜாக்காவின் எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் வாங்கி வந்து ஓங்கி அடித்தேன்.

எங்கள் பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது அந்தச் சத்தம்தான். (பி.எட். வரை படித்த மூளைக்கு அது அப்போது தோன்றவில்லை.) மொத்தப் பள்ளியும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி, சமையல்கூட வாசலில் வரிசை கட்டியது.

சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்கு வந்த வட்டாரக் கல்வி அலுவலர், வாசலில் பைக்கை நிறுத்தியது அந்த நேரத்தில்தான்.

"என்னம்மா இது, பத்தரைக்கே சாப்பாடா? இப்பத்தானே காலைச் சாப்பாடு போட்டிருப்பாங்க?"

தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். கரண்டியைக் காட்டினேன். கரண்டியை நான் ஆட்டிய வேகத்தில் அவர் ஓரடி பின்வாங்கினார்.

"ஹெச்.எம். எங்க?"

"லீவு சார். அவங்க பொண்ணப் பாக்க வராங்க," என்றாள் ஐந்தாம் வகுப்புக்காரி ஒருத்தி. "இது மூணாவது தடவை சார். ரெண்டு தடவை இந்த டீச்சராலதான் நின்னுபோச்சு. இப்பவும் பாருங்க, கோகோல கத்தித் தொண்டை கட்டிக்கிட்டு வந்திருக்காங்க."

ரெஜினா டீச்சரைப் போன் போட்டு வரவழைத்துவிடுவாரோ என்று எனக்கு அழுகை முட்டியது. அவர் வரிசையில் நின்ற பிள்ளைகளை வகுப்பறைக்குத் திருப்பி அனுப்பினார். "சரி, நடத்துங்க. பாக்கறேன்," என்று பின்னால் போய் உட்கார்ந்தார்.

முன்வரிசைப் பெண்ணிடம் குனிந்து, "கணக்குப் புத்தகத்த எடு" என்று காற்றுக் குரலில் சொன்னேன். அவள் ஏதோ ரகசியம் கிடைத்த மாதிரி அடுத்தவள் காதில் சொன்னாள். அது பின்வரிசை வரை போனது. அப்புறம் யாருமே சத்தமாகப் பேசவில்லை. வாய்ப்பாடுகூடக் கிசுகிசுப்பாகத்தான் ஓடியது. பக்கத்து வாழைத்தோப்பில் பம்ப்செட் ஓடுவது எனக்குக் கேட்டது. அங்கே ஒரு பம்ப்செட் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

அலுவலர் ஒரு பையனை எழுப்பி, "எட்டேழு எவ்வளவு?" என்றார்.

"அம்பத்தாறு சார்," என்று கிசுகிசுத்தான்.

"சத்தமா சொல்லு."

அவன் உதட்டில் விரல் வைத்து என்னைக் காட்டினான். அலுவலர் சுற்றிலும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒம்பதேழு?" என்று கிசுகிசுத்தார்.

எனக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. மதியம் வரை இருந்து பெரிய வகுப்புகளுக்கு அவரே பாடம் நடத்தினார், கிசுகிசுப்பாகவே. கிளம்பும்போது, "ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல முடியலன்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்கம்மா. பக்கத்து ஸ்கூல்லேர்ந்து ஆள் அனுப்பறேன். இத்தனை நாளா ஏன் கேக்கல?" என்றார். கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தோன்றியதில்லை.

மாலையில் ரெஜினா டீச்சர் போன் செய்தார். "புடிச்சுப் போச்சாம் டீச்சர், தட்டு மாத்திட்டாங்க." நான் காற்றுக் குரலில் வாழ்த்தினேன். "ஏன் மெதுவா பேசறீங்க? யாராச்சும் இன்ஸ்பெக்‌ஷன் வந்திருக்காங்களா?" என்றார் அவரும் கிசுகிசுப்பாக.

கல்யாண மண்டபத்தில் சாப்பாடு தயாரானதும், கதை தெரிந்த மாப்பிள்ளை என் கையில் ஒரு தட்டையும் கரண்டியையும் கொடுத்தார். அடித்தேன். எங்கள் பிள்ளைகள்தான் முதலில் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வட்டாரக் கல்வி அலுவலர்.

இதெல்லாம் நடந்து வருஷங்களாயிற்று. இன்றும் காலையில் நான் ஒரு தும்மல் போட்டால் போதும், என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்கிறார்: "இன்னைக்கு யார் வீட்டுல பொண்ணு பாக்க வராங்க?"