ஸ்டீம் அண்ணன் பாஸான கதை

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே சொந்த வீட்டுக் குக்கருக்கு லாக்புக் எழுதிய மனிதர் ஒருவர்தான். திருவையாறு பக்கம் நான் கிளார்க்காக இருந்த அரிசி மில்லில் பாய்லர் பார்த்தவர். ஆதார் கார்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்தது. லோடுமேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் ஸ்டீம் அண்ணன்.

குக்கரை அடுப்பில் ஏற்றிய நேரம், முதல் விசில், கடைசி விசில், இறக்கிய நேரம் எல்லாம் நாற்பது பக்க நோட்டில் இருக்கும். குறிப்பு என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'இயல்பு' என்று எழுதுவார். ஒருநாள் மட்டும் 'வாஷர் தேய்மானம். மனைவிக்கு எச்சரிக்கை' என்று இருந்தது. விருந்தாளி வந்தால் விசில் அடங்கும்வரை வாசலிலேயே நிற்க வேண்டும். நானும் நின்றிருக்கிறேன், மழையில்.

திருப்பனந்தாளில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். எல்லோரும் பந்திக்குப் போக, இவர் சமையல்கட்டுக்குப் போனார். பெரிய கேஸ் அடுப்பைச் சுற்றி வந்துவிட்டு, யாரிடம் பயிற்சி எடுத்தீர்கள் என்று சமையல்காரரைக் கேட்டார். அப்பாவிடம் என்றார் அவர். அப்பாவுக்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள் என்று இவர் கேட்டதும் சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். ஸ்டீம் அண்ணன் மண்டபத்தை விட்டு வெளியேறிய பிறகுதான் அன்று சாம்பார் வந்தது.

இதில் விஷயம் என்னவென்றால், அப்போது ஸ்டீம் அண்ணனிடமே சான்றிதழ் கிடையாது.

நெல் அவிக்க நீராவி வேண்டும். அதற்கு உமி எரிக்கும் பாய்லர் வேண்டும். பாய்லருக்கு அரசாங்கத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கிய ஆள் வேண்டும், இது சட்டம். எங்கள் மில்லில் அப்படி ஒருவர் இருந்தார். பதினெட்டு வருடம் ஸ்டீம் அண்ணன் அவருக்கு உதவியாள். திடீரென்று அவர் சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். முதலாளி நாகப்பட்டினத்திலிருந்து தற்காலிகமாக ஒருவரை அழைத்து வந்தார். சான்றிதழ் நாற்காலியில் உட்கார்ந்து செல்போன் பார்த்தது. வேலையை ஸ்டீம் அண்ணன் பார்த்தார்.

தேர்வுக்குப் போனார். முதல் தடவை, தண்ணீர்க் கண்ணாடியில் தண்ணீர் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய் அது. எங்கள் பாய்லரில் தெரியும் என்றார். தெரியாவிட்டால் என்றார்கள். தெரியும் என்றார். ஃபெயில்.

இரண்டாம் தடவை வேறு அதிகாரி. "சேஃப்டி வால்வு வேலை செய்யலன்னு வச்சுக்குவோம்" என்று ஆரம்பித்திருக்கிறார்.

"எதுக்குங்க வச்சுக்கணும்? காலையில பாத்துட்டுத்தானே பஸ் ஏறினேன்."

மறுபடியும் ஃபெயில். சம்பா நெல் வருவதற்குள் பாஸ் ஆகாவிட்டால் நாகப்பட்டினத்துக்காரரே நிரந்தரம், உங்களுக்கு கேட்டில் வாட்ச்மேன் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்று ஸ்டீம் அண்ணனின் சாப்பாட்டுத் தூக்கு திறக்காமலே வீட்டுக்குப் போனது.

நாகப்பட்டினத்துக்காரரை விட்டால் மில்லில் பரீட்சை எழுதிப் பாஸான ஒரே ஆள் நான் என்பதால் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் படித்தது பி.காம். தண்ணீர் தெரியவில்லை என்றால் என்று கேள்வியை முடிப்பதற்குள் எழுந்து போவார். கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து "இருக்குங்க" என்பார். ஒரே மத்தியானத்தில் ஆறு முறை. எனக்கு ரத்தம் கொதித்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மில்லில் தண்ணீர் தெரியவில்லை, இப்போது சொல்லுங்கள் என்று கத்தினேன்.

மனிதர் மடை திறந்தார். கண்ணாடி அடைத்திருக்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும், தீயை நிறுத்த வேண்டும், ஊதும் ஃபேனை நிறுத்த வேண்டும், தண்ணீர் மட்டும் விடவே கூடாது, காய்ந்த பாய்லரில் தண்ணீர் பட்டால் வெடித்துச் சுவரோடு போய்விடும் என்று டீ ஆறும்வரை சொன்னார். ஒரு தப்பு இல்லை. தேர்விலும் அந்த மில்லையே மனதில் நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பொய் சொல்லச் சொல்கிறீர்களா என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் தடவை திருச்சிக்கு நானும் கூடப் போனேன். தேர்வு அறையின் கதவு திறந்தே இருந்ததால் வெளியில் நின்று எல்லாம் பார்த்தேன். அதிகாரி அதே தண்ணீர்க் கண்ணாடியை எடுத்தார். "நீங்க ஓட்டுற பாய்லர்ல..." என்று ஆரம்பித்தார். ஸ்டீம் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"ஐயா, அத உங்க பாய்லர்னு வச்சுக்கலாங்களா?"

அதிகாரி குழம்பிப்போய், வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"அப்ப மொதல்ல தீய நிறுத்துங்க. தண்ணிப் பக்கம் கையக் கொண்டுபோகாதீங்க."

மேசை மேலிருந்த தம்ளரை எடுக்கப் போன அதிகாரி கையை இழுத்துக்கொண்டார். "உள்ள யாரு யாரு இருக்காங்க? எல்லாரையும் வெளியில அனுப்புங்க" என்று அடுத்த அதட்டல். ஓரத்தில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாக்கள் இருவர் எழுந்தே நின்றுவிட்டார்கள். அப்படித்தான் பாஸானார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவும் தெரிந்த மனிதர் இதை முதல் தடவையே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று கேட்டேன்.

"நம்ம பாய்லருக்கு இந்தப் பக்கம் ஒத்தச் சுவருதான் சார். அதுக்கு அந்தப் பக்கம் உங்க மேசை. அதுல தண்ணி இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வரலைங்க."

பதினோரு வருடம் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் நான் வேலை பார்த்தேன். சுவர் சுடுகிறது என்று அவரோடு சண்டைகூடப் போட்டிருக்கிறேன். திருவையாற்றில் இறங்கும்போது அவர் பையை நான் வாங்கிக்கொண்டேன்.