சர்க்கரைதான், வேறொன்றுமில்லை

கல்யாண மண்டபத்துக் கழிப்பறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, சட்டையைத் தூக்கி, கண்ணை இறுக மூடி, பெங் ஹோக் தன் வயிற்றில் தானே இன்சுலின் பேனாவை வைத்து அழுத்தினார். தண்ணீர்த் தொட்டி மேல் வைத்திருந்த கைப்பேசி அதட்டியது.

"போட்டாச்சா, இல்லையா?"

"இரு. பத்து எண்ணணும்னு நீதானே சொல்லுவ."

"கண்ணைத் திறந்து பார்த்துப் போடுங்க."

"எல்லாம் பார்த்துத்தான் போடறேன்" என்றார், கண்ணைத் திறக்காமலே.

கைப்பேசியில் இருந்தது அவர் மனைவி சியூ கிம். வீட்டில் வேளாவேளைக்கு அவருக்கு ஊசி போட்டுவிடுகிறவள் அவள்தான். அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவர்ப் பல்லியைப் பார்ப்பது மட்டுமே இவர் வேலை. வாழ்நாளெல்லாம் ஜார்ஜ்டவுன் சந்துபொந்துகளில் பஸ் ஓட்டிய மனிதருக்கு ஊசி என்றால் அவ்வளவு வீரம்.

"வலிச்சுதா?"

"வலியா? தொட்ட மாதிரிகூட இல்ல. இதுக்குப் போயா இத்தனை வருஷமா என்னைப் பயமுறுத்தி வச்சிருந்த?"

சட்டையை இறக்கிவிட்டார். வயிற்றுப் பக்கம் லேசாக ஈரம். குழாய்த் தண்ணீர் பட்டிருக்கும் என்று கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு, பேனாவை மூடிப் பையில் செருகினார்.

"சாப்பாடு எப்பன்னு கேட்டுக்கிட்டீங்களா? நம்ம ஆளுங்க கல்யாணத்துல ஏழு மணின்னா ஒன்பது."

"எனக்குத் தெரியாதா? மைக்குலயே சொல்லிட்டான். இதோ முதல் தட்டு வருது."

"சரி" என்றாள். பிறகு சின்னக் குரலில், "அங்க அழுதுட மாட்டீங்களே?" என்றாள்.

"நான் ஏன் அழறேன்?" என்று அவர் கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

கல்யாணம் அவருடைய மருமகனுக்கு. மகள் ஹுய் சியான் போய் மூன்று வருஷமாகிறது. "எத்தனை நாளைக்குடா தனியா இருப்ப? ஒரு பொண்ணைப் பாரு" என்று மருமகன் கார் வெய்யை நச்சரித்ததே பெங் ஹோக்தான். அவனும் பார்த்தான். பார்த்த கையோடு வீட்டுக்கு வந்து, ஹுய் சியான் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டு, "நீங்க வந்து யாம் செங் ஆரம்பிச்சு வைக்கணும்பா. நீங்க இல்லாம எனக்குக் கல்யாணம் வேணாம்" என்று நின்றான்.

யாம் செங் என்றால் கோப்பையை உயர்த்திப் பிடித்து, மூச்சு முட்டுகிற வரை மண்டபமே கத்தும் வாழ்த்து. எவ்வளவு நேரம் இழுத்துக் கத்துகிறோமோ அவ்வளவு ஆயுள் தம்பதிக்கு. போன தடவை இதே மண்டபத்தில், இதே மாப்பிள்ளைக்கு, தன் மகள் பக்கத்தில் நிற்க அவர் கத்திய கத்தலைப் பற்றி ஊரில் இன்றும் பேசுவார்கள். அத்தனை இழுத்தும் என்ன பிரயோசனம், சொல்லுங்கள்!

சியூ கிம் வரமாட்டேன் என்றுவிட்டாள். "என்னால பார்க்க முடியாது. நீங்க போங்க. ஆனா ஒரு சொட்டுக் கண்ணீர் சிந்தக் கூடாது. கல்யாண விருந்துல கண்ணீர் விழுந்தா அந்தப் பையனுக்கு ஆகாது. பாவம், ஒரு தடவை பட்டதே போதும்." அவரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

வெளியே வந்தால், மைக் பிடித்தவன் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"பெரியவங்க எல்லாரும் மன்னிக்கணும். பொண்ணோட முதலாளி டத்தோ பாலத்துல மாட்டிக்கிட்டாராம். ஒரே நெரிசல். அவர் வந்ததும் விருந்து!"

பெங் ஹோக் கடிகாரத்தைப் பார்த்தார். ஊசி போட்டால் கால்மணிக்குள் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கி, வேர்த்து, நடுங்கி, ஆளே சாய வேண்டியதுதான். டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனுஷர் பாலத்தில் நிற்பார், இன்சுலின் நிற்குமா?

அவர் மேசையில் பக்கத்து நாற்காலி மூய்க்கு. கார் வெய்யின் அத்தை. மகள் போன பிறகும் அவரைச் சம்பந்தி என்று கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான்.

"என்ன சம்பந்தி, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஊசி போட்டுட்டேன், சம்பந்தியம்மா."

"அட கடவுளே! தட்டைக் கண்ணால பார்க்காம யாராவது போடுவாங்களா? நானும் சர்க்கரைக்காரிதான், வாயில வச்சப்புறம்தான் ஊசியையே தொடுவேன். மிட்டாய் இல்ல?"

"அது சியூ கிம் கைப்பையில இருக்கும்."

மேசையில் இருந்த வறுகடலையை மற்றவர்கள் எப்போதோ தீர்த்திருந்தார்கள். பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டார். "ஏதாவது இனிப்பு கிடைக்குமா?"

"டத்தோ வரட்டும், அங்கிள்."

"ஒரு கரண்டி சர்க்கரை போதும்மா."

"சர்க்கரையும் டத்தோ வந்ததும்தான்" என்று சொல்லிவிட்டு அவள் போயே போய்விட்டாள்.

விளக்குகள் அணைந்தன. திரையில் மாப்பிள்ளையும் பெண்ணும் படம் படமாக வந்தார்கள். பத்து ஃபெரிங்கி என்கிற கடற்கரையில் கார் வெய் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் சிரித்துப் பார்த்தே எத்தனை நாளாயிற்று! நல்லா இருடா, நீ நல்லா இருக்கணும் என்று பெங் ஹோக் மனசார நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. நெற்றியில் குப்பென்று வேர்த்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

"ஆரம்பிச்சுடுச்சு" என்றார்.

எதிரே இருந்த ஒருவர், பெண் வீட்டுக்காரர், பிராந்திக் கோப்பையை நகர்த்தினார். "குடிங்கண்ணே. மனசு ஆறும்."

"மனசு இல்லைங்க, சர்க்கரை."

"எங்க அண்ணன் செத்தப்ப நானும் இப்படித்தான், தூசி விழுந்துடுச்சுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்."

"ஐயோ, நிஜமாவே சர்க்கரைங்க! இதைக் குடிச்சா இன்னும் இறங்கும்!"

மூய் அவர் தொடையைத் தட்டினாள். "சம்பந்தி, மேடையில கேக் இருக்கே. இருட்டுதானே? போய் ஒரு பூவைப் பிச்சு வாயில போட்டுக்கிட்டு வாங்க."

எங்கள் ஊர்க் கல்யாண கேக்கின் லட்சணம் எல்லோருக்கும் தெரியும். ஏழடுக்கில் கத்தி இறங்குகிற இடம் மட்டும்தான் கேக். மீதி அத்தனையும் தெர்மாகோல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. பெங் ஹோக்குக்கும் தெரியும். பதற்றத்தில் மறந்துவிட்டார். தடவித் தடவி மேடையேறி, ஒரு ரோஜாவைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. பலங்கொண்ட மட்டும் இழுத்து, வந்ததை வாயில் போட்டு நறுக்கென்று கடித்தார்.

அந்த நேரம் பார்த்தா வாசல் கதவு திறக்க வேண்டும்? மேளம் அதிர, மணமக்கள் உள்ளே வர, மேடை விளக்கு பளிச்சென்று எரிந்தது. வெளிச்சத்தில் பெங் ஹோக் நின்றார். கையில் பாதி ரோஜா, வாயில் சுண்ணாம்பு, கன்னமெல்லாம் ஈரம். மேலடுக்கு இரண்டும் கழன்று, படியில் உருண்டு, நடைபாதையில் ஓடி, மணப்பெண் காலடியில் போய் நின்றன.

முன்வரிசை எழுந்து நின்றது. பிறகு ஆளாளுக்குக் குசுகுசுத்தார்கள்.

"யாரது?"

"முதல் சம்சாரத்தோட அப்பா."

"கேக்கையே உடைச்சுட்டாரே! வயித்தெரிச்சலா?"

"பெத்த மனசுப்பா. சும்மா இரு."

"சழ்க்கழை!" என்று கத்தினார் பெங் ஹோக், சுண்ணாம்பு வாயோடு. யாருக்கும் விளங்கவில்லை.

கார் வெய் ஓடிவந்து அவரைத் தாங்கிப் பிடித்தான். "பா! என்னாச்சுப்பா?"

அவர் வாயில் இருந்ததைத் துப்பினார். "சர்க்கரை இறங்கிடுச்சுடா. நான் அழல. சியூ கிம் மேல சத்தியமா அழலடா."

"யாராவது ஆரஞ்சுத் தண்ணி கொண்டாங்க!" என்று கார் வெய் கத்தினான்.

யாராவது என்றால் யாரும் அசையமாட்டார்கள் என்பது உலக வழக்கம். அசைந்தது மணப்பெண். வெள்ளை அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சமையற்கட்டுக்கு ஓடி, ஒரு ஜாடியோடு வந்து, அவர் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, கோப்பையை அவர் வாயருகே பிடித்தாள்.

"குடிங்கப்பா."

அந்த ஒரு வார்த்தையில், கோப்பையை வாங்கிய அவர் கை வெடவெடவென்று ஆடி, பாதித் தண்ணீர் அவள் அங்கியில் கொட்டிவிட்டது.

"ஐயோ, கறை போகாதேம்மா!"

"போகாட்டிப் போகுதுப்பா. நீங்க குடிங்க."

மூன்று கோப்பை குடித்தார். டத்தோவுக்கென்று போட்டிருந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். கார் வெய் அவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"இப்ப எப்படிப்பா இருக்கு?"

"இன்னும் ஏறலடா. ஏறிடும். நீ சிரி, எல்லாரும் பார்க்கறாங்க."

"டத்தோ வர்றப்ப வரட்டும். நீங்க ஆரம்பிங்கப்பா."

பெங் ஹோக் எழுந்தார். கோப்பையை உயர்த்தினார். அது ஆடியது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எதிரே கார் வெய், பக்கத்தில் ஆரஞ்சுக் கறையோடு அந்தப் பெண். இவங்களுக்காவது நிறைய ஆயுசு இருக்கணும் என்று மூச்சை இழுத்தார்.

"யாஆஆஆஆஆஆ..."

பாதியில் குரல் உடைந்தது. ஆனால் விடவில்லை. உடைந்த குரலை மண்டபம் பிடித்துக்கொண்டது. அத்தனை பேரும் சேர்ந்து கூரை அதிர இழுத்தார்கள். அந்தச் சத்தத்துக்கு அடியில் பெங் ஹோக் குனிந்துகொண்டு வாய்விட்டு விம்மினார். பக்கத்தில் இருந்தவருக்குக்கூடக் கேட்கவில்லை. சர்க்கரை இறங்கினால் மனிதனை என்ன பாடு படுத்துகிறது, பாருங்கள்!

முதல் தட்டு வந்தது. அவர் தொடவில்லை. மூய் தன் மேசையை விட்டு எழுந்து அவரிடம் வந்தாள்.

"மூணு கிளாஸ் உள்ள போயாச்சு. இன்னுமா நடுங்குது? எத்தனை யூனிட் போட்டீங்க?"

"சியூ கிம் சொன்ன பத்துதான்." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. "இது சர்க்கரைதான் சம்பந்தியம்மா. வேற ஒண்ணுமில்ல."

"பேனாவைக் குடுங்க, பார்க்கலாம்."

கொடுத்தார். அவள் மூடியைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணருகே கொண்டுவந்து இன்னொரு முறை பார்த்தாள். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"ஊசி மேல இருக்கிற சின்ன மூடியைக் கழட்டவே இல்லையே, சம்பந்தி. ஒரு சொட்டு மருந்துகூட உங்க உடம்புக்குள்ள போகல."